முகாமுக்குப் பிள்ளைகளை அனுப்புங்கள், செலவுப் பணத்தை அவர்களே சேர்க்கட்டும்

பள்ளித் தலைமையாசிரியர்களுக்கும் பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா, வணக்கம்.

திண்டுக்கல் மாவட்டத்தில் அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் சாரணர் படையை நடத்திவருகிறேன். அடுத்த கல்வியாண்டில் எந்த வாரம் என்ன நடக்க வேண்டும் என்று நீங்கள் உட்கார்ந்து திட்டமிடும் நேரம் இது. அந்தத் திட்டத்தில் சாரணப் பிள்ளைகளுக்காக இரண்டு இடம் கேட்கிறேன். ஆண்டுக்கு ஒரு முறை வெளியே கூடாரம் அடித்துத் தங்கும் முகாம் ஒன்று. அந்த முகாமின் செலவுக்குப் பிள்ளைகளே உழைத்துப் பணம் சேர்க்கும் வாரம் இன்னொன்று. இரண்டும் சேர்ந்தே வேண்டும். ஏன் என்று சொல்கிறேன்.

இன்று பல பள்ளிகளில் சாரணர்களின் நினைவு விழா நாளில்தான் வருகிறது. சிறப்பு விருந்தினர் வரும்போது இரண்டு பக்கமும் நிற்பார்கள், கொடியேற்றத்தில் சல்யூட் அடிப்பார்கள், கூட்டத்தை ஒழுங்குபடுத்துவார்கள். இதுவும் தொண்டுதான். ஆனால் ஆண்டு முழுக்க இது மட்டுமே என்றால் அந்தப் பிள்ளை இன்னும் சாரணர் ஆகவில்லை என்பேன். முடிச்சுகளைக் கரும்பலகையில் படமாகப் பார்த்துக் கற்றுக்கொண்டு, போகாத முகாமைப் பதிவேட்டில் எழுதி, ராஜ்ய புரஸ்கார் என்ற மாநில விருதுக்கான தேர்வுக்கு வந்து நிற்கும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். ரயில்வே வேலையில் சாரணர்களுக்கு ஒதுக்கீடு இருப்பதால் பெற்றோருக்கும் சான்றிதழ்மேல் ஒரு கண் உண்டு, அதில் தப்பில்லை. ஆனால் மழை வரும்போல் இருக்கிறது, கூடாரத்துக்கு எந்தப் பக்கம் வாய்க்கால் வெட்டுவாய் என்று கேட்டால் அந்தப் பிள்ளை முழிக்கிறது. அது பிள்ளையின் குற்றம் இல்லை.

முகாம் நடக்கும் பள்ளிகளிலும் ஒரு சங்கடம் இருக்கிறது. ஆளுக்கு இவ்வளவு என்று சுற்றறிக்கை போகும். கொடுக்க முடிந்தவர்கள் பேர் கொடுப்பார்கள். மற்றவர்கள் “எனக்கு விருப்பம் இல்ல சார்” என்பார்கள். எங்கள் பக்கத்தில் அம்மா நூற்பாலையில் ஷிப்ட் பார்ப்பார், அப்பா சுமை தூக்கப் போவார். வீட்டில் இதைக் கேட்கவே கூடாது என்று ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கே தெரியும். அது சொன்ன பதிலை அப்படியே உண்மை என்று எடுத்துக்கொண்டு பட்டியலை முடித்துவிடுகிறார்கள். எனக்கு இதுதான் ஆறவே இல்லை.

இந்த இயக்கம் தொடங்கியது அப்படி அல்ல. 1907 ஆகஸ்டில் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில், இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல் நடத்திய முதல் முகாமில் இருபது சிறுவர்கள் அளவில்தான் இருந்தார்கள். சிலர் பெரிய இடத்துப் பள்ளிகளில் படித்தவர்கள், மற்றவர்கள் பக்கத்து ஊர்களின் சாதாரண வீட்டுப் பிள்ளைகள். வசதியானவர்களிடம் ஒரு பவுண்டு, அதாவது 20 ஷில்லிங், வாங்கினார். மற்றவர்களிடம் மூன்றரை ஷில்லிங். ஆனால் அணி பிரிக்கும்போது எல்லோரையும் கலந்துதான் போட்டார். பிறகு 1909இல் சாரணியம் இந்தியாவுக்கு வந்தபோது இந்தியப் பிள்ளைகளுக்கு அதில் இடம் இல்லை. 1916இல் அன்னி பெசன்ட்டும் ஜார்ஜ் அருண்டேலும் சென்னையில் இந்தியச் சிறுவர்களுக்கென்றே ஒரு சாரணர் சங்கம் தொடங்கினார்கள். அப்படிப் போராடிப் பெற்ற இடத்தில், காசு இல்லை என்று ஒரு பிள்ளை இன்றைக்கு வெளியே நிற்கக் கூடாது.

முகாமை நேரில் பார்க்காதவர்களுக்கு அது சுற்றுலா போலத் தோன்றலாம். என்ன நடக்கிறது என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஓர் அணியில் ஆறு முதல் எட்டுப் பேர். அணித் தலைவன் ஒன்பதாம் வகுப்பு என்றால் கடைக்குட்டி ஆறாம் வகுப்பு. சிறுமலை அடிவாரத்தில் ஒரு மாந்தோப்பு, உரிமையாளரின் அனுமதியோடு. இடம் பார்க்கும்போது முதலில் தலைக்கு மேலே பார்க்க வேண்டும்: காய்ந்த கிளை தொங்குகிறதா, தென்னை இருக்கிறதா என்று. அப்புறம் தரை: தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும், வளை ஏதும் இருக்கிறதா. கூடாரம் எழுந்த பிறகு மூங்கிலும் கயிறும் வைத்துப் பாத்திரத் தட்டு, செருப்பு வைக்கும் மேடை, கை கழுவும் இடம் என்று ஒவ்வொன்றாகக் கட்டுவார்கள். கட்டு இறுகவில்லை என்றால் தட்டு பாத்திரத்தோடு சாய்ந்துவிடும். பிரித்து மறுபடி கட்டுவார்கள்; நான் வாயே திறக்க வேண்டியதில்லை.

பாத்திரமே இல்லாமல் சமைப்பதும் உண்டு. உருளைக்கிழங்கை ஈரக் களிமண்ணில் உருட்டிக் கங்குக்குள் புதைப்பது, பெரிய வெங்காயத்தைக் குடைந்து அதற்குள் முட்டையை உடைத்து ஊற்றிச் சுடுவது, கோதுமை மாவைக் குச்சியில் சுற்றி வாட்டுவது. அந்தக் குச்சிக்கு அரளியைத் தொடவே கூடாது, அது விஷம். வீட்டில் தட்டில் கீரையை ஒதுக்கும் பிள்ளை, தான் சுட்ட அரைவேக்காட்டு ரொட்டியைப் பக்கத்து அணிக்குக் கொண்டுபோய்க் கொடுத்து “எப்படி இருக்கு?” என்று கேட்கும்.

இருட்டிய பிறகு திசை பார்க்கச் சொல்லித் தருவோம். திண்டுக்கல்லில் துருவ நட்சத்திரம் அடிவானத்திலிருந்து பத்து டிகிரி உயரத்தில்தான் இருக்கும். மரமோ மலையோ மறைத்துவிடும். அதனால் வேட்டைக்காரன் என்று சொல்லும் ஓரியன் மண்டலத்தைக் காட்டுவோம். இடுப்பில் வரிசையாக நிற்கும் மூன்று நட்சத்திரங்கள் ஏறக்குறைய நேர் கிழக்கில் எழும். டிசம்பர் கடைசியில் பொழுது சாய்ந்த சற்று நேரத்திலேயே தெரியும். இதைப் பாடப்புத்தகத்தில் படித்த பிள்ளைகள்கூட முதல் முறை வானத்தில் கண்டுபிடித்ததும் கத்துகிறார்கள்.

சரி, பணத்துக்கு வருகிறேன். நம் சாரண விதிகள் ஒன்பதில் எட்டாவது, சாரணர் சிக்கனமானவர் என்கிறது. நேர்மையாக உழைத்துச் சம்பாதிப்பதை ‘கரி கமாய்’ என்ற பெயரில் இயக்கம் ஒரு பயிற்சியாகவே வைத்திருக்கிறது. நன்கொடைக் கூப்பனைப் பிள்ளைகள் கையில் கொடுத்துக் கடை கடையாக அனுப்புவது இதில் சேராது. பிரிட்டனில் 1949இல் தொடங்கிய ‘பாப் எ ஜாப்’ வாரத்தில் சாரணர்கள் வீடு வீடாகப் போய் ஏதாவது ஒரு வேலை செய்து ஒரு ஷில்லிங் வாங்கினார்கள். அமெரிக்காவில் ஓக்லஹோமா மாநிலத்தின் மஸ்கோகி ஊரில் 1917இல் சாரணியர் தாங்களே பிஸ்கட் சுட்டுப் பள்ளியில் விற்றார்கள். அதிலிருந்து வளர்ந்ததுதான் இன்று அந்த நாடு முழுக்க நடக்கும் பிஸ்கட் விற்பனை. அவ்வளவு தூரம் போவானேன், இலங்கையில் தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகள் உட்படச் சாரணர்கள் ‘வேலை வாரம்’ என்று நடத்துகிறார்கள். வாசலில் வந்து நிற்கும் பிள்ளைக்கு ஒரு வேலை கொடுத்துப் பணம் கொடுக்க ஊர் பழகியிருக்கிறது.

எங்களுக்குத் தீபாவளிக்கு முந்தைய வாரம்தான் அறுவடைக் காலம். தெரிந்த வீடுகளில் பரண் தூசி தட்டுவது, ஒட்டடை அடிப்பது, ஜன்னல் கம்பி துடைப்பது, ஸ்கூட்டர் கழுவுவது. பழைய செய்தித்தாளும் நோட்டுகளும் சேகரித்துப் பேப்பர் கடைக்குப் போடுவோம். 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கத்தை அரசு தொடங்கியதிலிருந்து துணிப்பைக்குக் கிராக்கி உண்டு. சாரணியர் தைத்துத் தருகிறார்கள். விளையாட்டு விழா அன்று மோரும் சுண்டலும் விற்போம்.

வருவது எல்லாம் ஒரே உண்டியலில் விழும். யார் எவ்வளவு கொண்டுவந்தார்கள் என்ற பேச்சே கிடையாது. அதனால் முகாமுக்குப் புறப்படும் பஸ்ஸில் காசு கட்டிய பிள்ளை, கட்டாத பிள்ளை என்ற வித்தியாசம் இல்லை. படையின் பொருளாளர் எட்டாம் வகுப்பு மாணவர். வரவு செலவை எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டுகிறார். தாங்கள் உழைத்த காசு என்றால் செலவு செய்யும் விதமே வேறு. தக்காளி விலையைப் பார்த்துவிட்டு “ரசத்துக்குப் புளி போதும்” என்கிறார்கள். கடைசி சில கிலோமீட்டரை நடந்து பஸ் செலவை மிச்சம் பிடித்துத் தார்ப்பாய் வாங்கலாம் என்று அவர்களே முடிவு செய்கிறார்கள்.

பிள்ளைகளை வேலை வாங்குவதா என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். கடை, பட்டறை, கட்டட வேலை எதற்கும் அனுப்பக் கூடாது. தனியாக யாரும் போகக் கூடாது, அணியாகத்தான் போக வேண்டும், பெரியவர் ஒருவர் கூடவே இருக்க வேண்டும். படிப்பு நேரத்தைத் தொடக் கூடாது. ஏணி, மின்சாரம், ஆசிட் இருக்கும் வேலைகள் வேண்டாம். விருப்பமில்லாத பிள்ளையை விட்டுவிட வேண்டும், அப்போதும் முகாமில் அதற்கு இடம் உண்டு. இந்த வரம்புகளை எழுத்தில் வைத்துப் பெற்றோரிடம் கையெழுத்து வாங்கிக்கொள்ளலாம்.

பாதுகாப்பைப் பற்றிய உங்கள் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அது பக்கத்து மாவட்டம். எங்கள் பெற்றோர் யாரும் மறக்கவில்லை. 2024 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்துப் பள்ளி ஒன்றில் போலி என்.சி.சி. முகாம் நடந்து மாணவிக்குக் கொடுமை நேர்ந்த செய்தி வந்தபோது, முகாம் என்ற பேச்சையே எடுக்க முடியவில்லை. ஆனால் இந்த இரண்டிலும் முகாமை நிறுத்துவதற்கல்ல, சரியாக நடத்துவதற்கான பாடம்தான் இருக்கிறது. காடு காய்ந்து கிடக்கும் பிப்ரவரி முதல் மே வரை மலைப் பக்கம் வேண்டாம். காப்புக்காட்டுக்குள் அடுப்பே மூட்டக் கூடாது. அடிவாரத் தோப்பு போதும். மலைப்பாதையில் நடக்க வேண்டுமென்றால் வனத்துறை அனுமதியும் வழிகாட்டியும் வேண்டும். 2024 அக்டோபரில் அரசே 40 மலையேற்றப் பாதைகளை முறைப்படுத்தித் திறந்திருக்கிறது. தண்ணீரில் இறங்கவே கூடாது. பக்கத்தில் எந்த மருத்துவமனையில் பாம்புக்கடி மருந்து இருக்கிறது என்று முதல் நாளே விசாரித்து வைக்க வேண்டும்.

அப்புறம், முகாம் நடத்த வருபவர் யார் என்று பாருங்கள். என்னைப் போன்ற ஆசிரியரிடமும் கேளுங்கள். அடிப்படைப் பயிற்சி முடித்திருக்கிறாரா, முன்னேற்றப் பயிற்சி உண்டா, இமாலய வுட் பேட்ஜ் என்ற உயர்நிலைப் பயிற்சி வரை போயிருக்கிறாரா, படை முறையாகப் பதிவு செய்யப்பட்டிருக்கிறதா என்று மாவட்ட சாரணர் அலுவலகத்திலேயே சரிபார்க்கலாம். சாரணியர் முகாமில் பெண் ஆசிரியைகள் இரவும் கூடவே தங்க வேண்டும். இதில் ஒன்று குறைந்தாலும் அனுமதி மறுத்துவிடுங்கள். நான் உங்கள் பக்கம்.

2025 ஜனவரி கடைசியில் மணப்பாறையில் சாரணர்களின் வைர விழாப் பெருந்திரளணி (ஜம்போரி) நடந்தது. நாடு முழுவதிலிருந்தும் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் வந்து கூடாரம் அடித்தார்கள். எங்களைப் போன்றவர்களுக்கு அது பெருமையான வாரம். ஆனால் அப்படிப்பட்ட நிகழ்ச்சிக்கு ஒரு படையிலிருந்து சிலர்தான் போக முடியும். மீதிப் பிள்ளைகளும் சீருடை போட்டவர்கள்தானே? அவர்களுக்குப் பள்ளியின் சொந்த முகாம்தான் கதி.

ஆகவே நாட்காட்டியில் இப்படிக் குறித்துத் தாருங்கள். தீபாவளிக்கு முந்தைய வாரம் மாலை நேரங்கள், உழைத்துச் சேர்க்கும் வாரம். அரையாண்டு விடுமுறையில் இரண்டு இரவு, முகாம். வடகிழக்குப் பருவமழை அதற்குள் பெரும்பாலும் தணிந்திருக்கும், காடு இன்னும் பச்சையாக இருக்கும். பள்ளி நிதியிலிருந்து ஒரு ரூபாய்கூட வேண்டாம். முதலுதவிப் பெட்டி, இரண்டு பொறுப்பாசிரியர்களுக்குப் பணி அனுமதி, உங்கள் கையெழுத்து, இவ்வளவு போதும். முடிந்தால் ஒரு மாலை நீங்களும் மேலாண்மைக் குழுவினரும் தோப்புக்கு வாருங்கள். எந்த அணி உங்களுக்குச் சமைப்பது என்று பிள்ளைகள் குலுக்கிப் போட்டு முடிவு செய்வார்கள்.

அன்புடன்,
ஒரு சாரண ஆசிரியர்
திண்டுக்கல் மாவட்டம்