ஆண்டறிக்கை: வட்டுக்கோட்டை செமினறியைப் படித்த வருடம்

அங்கத்தவர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்கூட்டத்தில் முடிவெடுத்தபடி இந்த வருடத்து மாதக் கூட்டங்களை அமெரிக்க மிஷனரிமார் யாழ்ப்பாணத்தில் நடத்திய உயர்பள்ளியான வட்டுக்கோட்டை செமினறியின் வரலாற்றுக்கே ஒதுக்கினோம். மற்ற வேலைகள் குறைவு. வாசிகசாலை அலுமாரிகள் திருத்தப்பட்டன, பழைய பத்திரிகைக் கட்டுகள் வெயிலில் காயவைத்து அடுக்கப்பட்டன, வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். ஆகவே நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

அமெரிக்க மிஷனரிமார் யாழ்ப்பாணத்துக்கு வந்தது 1816இல். 1823இல் டானியல் பூர் ஐயர் தெல்லிப்பழையில் தன்னிடம் படித்த பிள்ளைகளோடு வட்டுக்கோட்டைக்கு வந்து செமினறியைத் தொடங்கினார். சுவிசேஷம் சொல்ல உள்ளூர்ப் போதகர்களை உருவாக்குவதுதான் நோக்கம். அப்போது நாட்டை ஆண்ட பிரித்தானியத் தேசாதிபதி பார்ன்ஸின் அரசாங்கம் அமெரிக்கரைச் சந்தேகத்தோடுதான் பார்த்தது. அச்சுவேலைக்கென்று 1820இல் வந்த ஜேம்ஸ் கரற்றை நாட்டில் இருக்கவே விடவில்லை. அந்த நெருக்கடிக்குள் தொடங்கிய பள்ளிக்கூடம் இது.

அங்கே வேதாகமம் மட்டும் படிப்பிக்கவில்லை. ஆங்கிலம், தமிழ் இலக்கணம், சமஸ்கிருதம், கணிதம், வானசாஸ்திரம் எல்லாம் இருந்தன. 1829இல் வந்த சந்திர கிரகணத்தின் கணிப்பை வைத்துப் பூர் ஐயருக்கும் இங்கிருந்த பஞ்சாங்கக் கணிதருக்கும் நடந்த வாதம்பற்றிய கூட்டத்தில்தான் கேள்விகள் அதிகம் வந்தன. அமெரிக்காவில் பணம் கொடுத்து ஒரு பிள்ளையைப் படிப்பித்தவர்கள் தங்கள் விருப்பப்படி அந்தப் பிள்ளைக்குப் பெயரும் வைத்தார்கள். கரோல் விசுவநாதபிள்ளை, ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை என்ற பெயர்கள் அப்படி வந்தவைதான். தூரத்தில் இருக்கும் ஒருவர் பணம் தந்தார் என்பதற்காக இங்குள்ள பிள்ளையின் பெயர் மாறியது சரியா என்று இளைய அங்கத்தவர் ஒருவர் கேட்டார். எனக்கும் அது சரியாகப் படவில்லை, ஆனால் அந்தப் பணமில்லாமல் அவர்களில் பலர் படித்திருக்கவே மாட்டார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

பூருக்குப் பின் 1836இல் பொறுப்பேற்ற ஹொய்சிங்டன் சைவ சித்தாந்தத்தை ஆழ்ந்து படித்தவர். சிவஞானபோதத்தை அவர் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1854இல் வெளியிட்டார். 1841இல் தொடங்கிய உதயதாரகைப் பத்திரிகையின் ஆசிரியர்களான ஹென்றி மாட்டினும் சேத் பேசனும் செமினறியில் படித்தவர்களே.

அப்புறம் ஏன் மூடினார்கள்? இதைப் பற்றித்தான் ஒரு கூட்டம் இருட்டும்வரை நீண்டது. மிஷன் சங்கத்தின் செயலாளர் றூபஸ் அண்டர்சன் பொஸ்டனிலிருந்து புறப்பட்டு 1855இல் நேரில் வந்தார். ஆங்கிலம் படித்த பிள்ளைகள் போதகராவதை விட்டு அரசாங்க உத்தியோகம் தேடிப் போகிறார்கள், செலவு அதிகம், கிராமத்துச் சபைக்கு வேண்டியது தமிழில் பயின்ற போதகர் என்பது அவருடைய வாதம். அதே வருடம் செமினறி மூடப்பட்டது. சபை ஊர் மக்களின் மொழியில், அவர்கள் கையிலேயே வளர வேண்டும் என்ற அவருடைய எண்ணத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அதற்காக, 30 வருடத்துக்கு மேல் பாடுபட்டுக் கட்டிய ஒன்றை முழுதாக மூடியது பிழை. ஆங்கிலமும் தமிழும் பக்கத்தில் பக்கத்தில் இருந்ததால்தான் அந்தப் பள்ளிக்கூடம் அப்படிப்பட்ட ஆட்களைத் தந்தது.

சிறுப்பிட்டியில் பிறந்து செமினறியில் படித்த சி. வை. தாமோதரம்பிள்ளையை எடுத்துக்கொள்ளுங்கள். அவரும் விசுவநாதபிள்ளையும் 1857இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பி.ஏ. பட்டதாரிகள் ஆனார்கள். செமினறி மூடி இரண்டே வருடம். தாமோதரம்பிள்ளை பின்னாளில் 1887இல் கலித்தொகையை அச்சேற்றினார். கிறிஸ்தவராக வளர்ந்த அவர் பின்னர் சைவரானார், மிஷனின் கணக்கில் அது இழப்பாக இருக்கலாம், தமிழுக்கு அது எவ்வளவு பெரிய வரவு!

ஊரவர் உயர்கல்வியை விடவில்லை, கேட்டுக்கொண்டே இருந்தார்கள். 1872இல் அதே வளவில் யாழ்ப்பாணக் கல்லூரி தொடங்கியது.

வரும் வருடத்துக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பெட்டிகளில் பழைய உதயதாரகைத் தாள்கள், கடிதங்கள், செமினறியில் படித்த முன்னோரின் பெயரெழுதிய புத்தகங்கள் இருந்தால் படம் எடுக்கத் தாருங்கள். எடுத்தவுடன் திருப்பித் தருவோம். கரையான் அரித்திருந்தாலும் எறிய வேண்டாம். சந்தா பாக்கி உள்ளவர்கள் கூட்டம் முடிந்ததும் பொருளாளரைக் காணவும்.

செயலாளர்