அடக்கி வாசித்த நால்வர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ராக் இசையைப் பற்றித் தமிழ்ப் பத்திரிகைகளில் எழுதும்போதெல்லாம் அதே ஏழெட்டுக் குழுக்களின் பெயர்களே சுற்றிச் சுற்றி வருகின்றன. அவர்கள் பெரியவர்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த வரிசைக்கு வெளியே நிற்கும் ஓர் ஆல்பத்துக்கு உங்கள் இசைப் பக்கத்தில் இடம் கேட்டு இதை எழுதுகிறேன். அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் உள்ள லூயிவில் நகரத்துக் குழு 'ஸ்லிண்ட்'. அவர்களுடைய 'ஸ்பைடர்லேண்ட்' 1991 மார்ச்சில் வெளிவந்தது. ஆறே பாடல்கள், மொத்தம் 39 நிமிடம் 31 நொடி. இசைக்கலைஞர்கள் இதைத் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்கள், பொது வாசகருக்கோ பெயர்கூடத் தெரியாது.

தெரிந்து கேட்டவர்களிலும் பலர் இரண்டாவது பாடலோடு நிறுத்திவிடுவார்கள். அவர்கள் ரசனையில் குறையில்லை. வால்யூம் வைக்கும் முறைதான் காரணம்.

இந்த ஆல்பத்தில் பாட்டு குறைவு, பேச்சு அதிகம். குழுவின் குரலும் கிட்டார் கலைஞருமான பிரையன் மெக்மஹன் பெரும்பாலும் பாடுவதில்லை, பக்கத்து அறையில் இருப்பவரிடம் சொல்வது போல முணுமுணுக்கிறார். கிட்டார்களும் அதே அளவுக்கு அடங்கி ஒலிக்கின்றன. 'என்ன, ஒன்றும் கேட்கவில்லையே' என்று கை தானாக வால்யூமைக் கூட்டுகிறது. அடுத்த நிமிடம் அதே கிட்டார்கள் சீறி எழும்போது காது கிழிகிறது. பதறிப்போய்க் குறைக்கிறோம், பேச்சு மறைகிறது, மறுபடியும் கூட்டுகிறோம். இப்படி முட்டி மோதிக் கேட்டால் எந்த இசையும் பிடிக்காது.

எனவே அளவை உரத்த இடத்தை வைத்து முடிவு செய்ய வேண்டும், மெல்லிய இடத்தை வைத்து அல்ல. இரண்டாவது பாடலான 'நொஸ்ஃபெராட்டு மேன்'-ஐ ஓடவிட்டு, கிட்டார்கள் முதன்முதலாகச் சீறும் இடத்தில், தாங்கக்கூடிய அளவுக்கு நல்ல சத்தமாக வையுங்கள். பிறகு முதல் பாடலுக்குத் திரும்பி, 39 நிமிடமும் அந்தப் பக்கம் கையைக் கொண்டுபோகாதீர்கள். பேச்சு மெதுவாகத்தான் கேட்கும். அப்படித்தான் கேட்க வேண்டும். காதைத் தீட்டிக்கொண்டு கேட்பவருக்குத்தான் அந்தப் பேச்சு. அளவு பார்க்கக் கடைசிப் பாடலைப் பயன்படுத்த வேண்டாம் என்பதற்குக் காரணம் இருக்கிறது, கீழே சொல்கிறேன்.

அறையில் சீலிங் ஃபேன் ஓடினால் இந்த ஆல்பத்தில் பாதி காணாமல் போகும். அதன் இடைவிடாத 'உஸ்' என்ற ஓசை முணுமுணுப்பு இருக்கும் அதே இடத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. நாற்பது நிமிடம் அதை நிறுத்துங்கள். பேருந்திலும் ரயிலிலும் கேட்பதைத் தவிர்ப்பது நல்லது.

கைபேசியில் கேட்பவர்கள் நான்கு இடங்களைச் சரிபார்க்க வேண்டும். பாடல் செயலிகளில் எல்லாப் பாடலையும் ஒரே சத்த அளவுக்குக் கொண்டுவரும் வசதி ஒன்று உண்டு, அதை அணைத்துவிடுங்கள். ஆல்பத்தை முழுதாக வரிசையாகக் கேட்கும்போது சில செயலிகள் பாடல்களுக்கு இடையிலான ஏற்ற இறக்கத்தைக் காப்பாற்றும். கலைத்துப் போட்டாலோ வேறு பாடல்களோடு கலந்தாலோ ஒவ்வொன்றையும் தனித்தனியாக அளந்து சமன் செய்துவிடும். 'ஃபார் டின்னர்' போன்ற அடங்கிய பாடலைத் தூக்கி நிறுத்தி, அடுத்து வரும் பாடலை அமுக்கிவிடும். அடுத்தது, ஒரு பாடலின் வாலை இன்னொன்றின் தலையோடு ஒட்டும் வசதி, அதைப் பூஜ்ஜியம் நொடியில் வையுங்கள். கைபேசி தானே சேர்க்கும் 'தியேட்டர்' ஒலி வகையறாக்களும் வேண்டாம். கடைசியாக, மோனோ ஒலி என்ற அமைப்பு தவறுதலாக இயங்கிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். இதில் இரண்டு கிட்டார்கள், மெக்மஹனும் டேவிட் பாஜோவும். பெரும்பாலும் ஒருவர் இடப்பக்கம், மற்றவர் வலப்பக்கம். ஒரே பெட்டியில் அடங்கிய புளூடூத் ஸ்பீக்கரில் இரண்டும் ஒன்றாகக் குழைந்து, யார் கேட்டார் யார் பதில் சொன்னார் என்பதே தெரியாமல் போகிறது. ஒற்றைக் காதில் மாட்டிக் கேட்டால் பாதி ஆல்பம்தான். இருபக்கமும் நன்றாக இயங்கும் சாதாரண கம்பி ஹெட்போனே போதும், விலை உயர்ந்தது தேவையில்லை.

இனி பாடல்களுக்கு வருகிறேன். முதல் பாடலான 'பிரெட்கிரம்ப் டிரெயில்' ஒரு திருவிழாத் திடலையும் குறி சொல்லும் பெண்ணையும் பற்றியது. அதன் தொடக்க நொடிகளிலேயே சின்ன மணி போல் மினுங்கும் கிட்டார் ஒலி வருகிறதே, அது ஹார்மானிக்ஸ். கிட்டார் பழகுபவர்கள் வீட்டில் செய்து பார்க்கலாம். 12-ஆவது ஃபிரெட்டின் உலோகக் கம்பிக்கு நேர் மேலே, தந்தியை அழுத்தாமல் விரல் நுனியால் தொட்டும் தொடாமலும் வைத்து மீட்டுங்கள், மீட்டிய மறுகணம் விரலை எடுத்துவிடுங்கள். அந்த இடம் தந்தியின் சரிபாதி, எனவே ஒரு ஸ்தாயி மேலே ஒலிக்கும். 7-ஆவதில் தந்தியின் மூன்றில் ஒரு பங்கு, ஒரு ஸ்தாயிக்கு மேல் பஞ்சமம். 5-ஆவதில் கால் பங்கு, இரண்டு ஸ்தாயி மேலே. பலருக்கு 'டக்' என்ற செத்த ஓசைதான் வரும். வழக்கமாகச் சுரம் பிடிப்பது போல இரண்டு ஃபிரெட்டுக்கு நடுவில் விரலை வைப்பதும், மீட்டிய பிறகும் எடுக்காமல் இருப்பதும்தான் அதற்குக் காரணம். இவ்வளவு மெலிந்த ஒலியில் தொடங்கிய பாட்டு சட்டென்று கரகரத்து ஊளையிடும்போது, திடலில் ராட்டினம் உச்சியிலிருந்து இறங்குவது போல வயிற்றில் ஒரு கூச்சம் எழுகிறது. ஒலியை வைத்தே இடத்தைக் கட்டி எழுப்பும் வேலை இது.

'நொஸ்ஃபெராட்டு மேன்' 1922-இல் வந்த ஜெர்மன் மௌனப் படத்தின் ரத்தக்காட்டேரியை நினைவுபடுத்தும் பாடல். கதை வரிகள் ஐந்து தட்டில் ஓடுகின்றன. 'தகதகிட, தகதகிட' என்று தொடையில் தட்டிக்கொண்டே கேளுங்கள், கண்ட நடைக்குப் பழகிய நம் காதுக்கு இது கைவந்த கணக்கு. ராக் என்றால் நான்கு தட்டு என்று பழகியவர்கள் ஒவ்வொரு சுற்றிலும் ஐந்தாவது தட்டில் தடுக்கி விழுவார்கள். டிரம்ஸ் வாசிக்கும் பிரிட் வால்ஃபோர்ட் இந்த ஐந்தை எடுத்துக் காட்டிப் பெருமை கொள்வதே இல்லை. இயல்பாக நடக்கிறவரின் காலடி போல வைத்துக்கொண்டே போகிறார்.

மூன்றாவதான 'டான், அமன்'-இல் அதே வால்ஃபோர்ட் டிரம்ஸைத் தொடவே இல்லை. பேசுவது அவர்தான். விருந்தொன்றில் யாரோடும் ஒட்டாமல் வெளியே வந்து நிற்கும் ஒரு மனிதனின் கதை இது. இரண்டு கிட்டார்கள் மட்டுமே துணை, வேறு தாளமே கிடையாது. அதனால் இருவரும் சேர்ந்து வேகம் கூட்டும்போது நமக்கே மூச்சு முட்டுகிறது. முதல் முறை கேட்பவர்கள் தாண்டிச் செல்லும் பாடல் இதுதான். மூன்றாவது முறை கேட்பவர்கள் திரும்பத் திரும்பப் போடுவதும் இதுதான்.

இசைத்தட்டில் இத்துடன் முதல் பக்கம் முடிகிறது, ஏறக்குறைய 18 நிமிடம். மறுபக்கம் 'வாஷர்', 'ஃபார் டின்னர்', 'குட் மார்னிங், கேப்டன்', ஏறக்குறைய 21 நிமிடம் 33 நொடி. எழுந்துபோய்த் தட்டைத் திருப்பும் அந்த இடைவெளியும் ஆல்பத்தின் ஒரு பகுதி என்பேன். குறுந்தகட்டின் உறையிலேயே இது இசைத்தட்டில் கேட்பதற்கானது என்று குழுவினர் அச்சிட்டிருந்தார்கள். கைபேசியில் கேட்பவர்களும் மூன்றாவது பாடலுக்குப் பின் இரண்டு நிமிடம் நிறுத்திப் பார்க்கலாம்.

இசைத்தட்டில் கேட்க ஆசைப்படுபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. நிமிடத்துக்கு 33⅓ சுற்று என்ற வேகம் மாறுவதில்லை, ஆனால் ஊசிக்கு அடியில் ஓடும் பள்ளத்தின் நீளம் மாறுகிறது. வெளி விளிம்பில் நொடிக்கு சுமார் 50 செ.மீ. ஓடினால், நடுவில் ஒட்டிய காகிதத்தை நெருங்கும்போது சுமார் 21 செ.மீ.தான். அதே ஒலியை அதில் பாதிக்கும் குறைவான இடத்தில் நெருக்கி எழுதியாக வேண்டும். இந்த ஆல்பத்தின் மிக உரத்த கதறல் நீளமான பக்கத்தின் கடைசிப் பள்ளங்களில்தான் வருகிறது. ஊசி பொருத்திய கோணம் சற்று விலகியிருந்தாலும், ஊசி தட்டை அழுத்தும் எடை குறைவாக இருந்தாலும், அந்த இடம் கந்தலாகக் கிழியும். கேட்பவரோ பதிவே அப்படித்தான் என்று நினைத்துக்கொள்வார். ஊசி தயாரிப்பாளர் குறித்த எடையை, பெரும்பாலும் 1.5 முதல் 2 கிராம், சின்னத் தராசில் அளந்து வையுங்கள். கோணத்துக்கு அச்சிட்ட அளவுத்தாள் கிடைக்கிறது. போடுவதற்கு முன் ஒவ்வொரு முறையும் தூசியைத் தூரிகையால் எடுத்துவிடுங்கள். வேறு ஆல்பத்தில் மறைந்துவிடும் பொரிச் சத்தம் இதன் மௌனத்தில் தனியாகத் தெரியும்.

'வாஷர்'-தான் ஆல்பத்தின் நீளமான பாடல், 8 நிமிடம் 50 நொடி. இங்கே மெக்மஹன் உண்மையாகவே பாடுகிறார். உறங்கப்போகும் காதலியிடம் விடைபெறும் குரல். முடிவுக்குச் சற்று முன்புவரை கிட்டார்கள் தங்களைப் பிடித்து வைத்திருக்கின்றன. எப்போது உடையும் என்று காத்திருக்கும் அந்த நிமிடங்களுக்காகவே இந்தப் பாடலைக் கேட்கலாம். அடுத்து 'ஃபார் டின்னர்', ஒரு சொல்லும் இல்லாத 5 நிமிடங்கள். அலை எழுந்து அடங்குவது போன்ற வாத்திய இசை. இதைத் தாண்டிவிட்டு நேரே கடைசிப் பாடலுக்குப் போகிறவர்கள் உண்டு. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

ஏனென்றால் 'குட் மார்னிங், கேப்டன்' அந்த மௌனத்தின் மேல்தான் நிற்கிறது. கப்பல் உடைந்து, புயலில் எல்லோரையும் இழந்த ஒருவன் மரக்கதவுக்கு வெளியே நின்று உள்ளே விடச் சொல்லிக் கெஞ்சுகிறான். கதவுக்கு அப்பால் ஒரு சிறுவன் இருக்கிறான். டாட் பிரஷேரின் பேஸ் கிட்டார் ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றி நடக்க, மேலே கிட்டார் இரண்டே கார்டுகளை, அதாவது சேர்ந்தொலிக்கும் சுரக் கூட்டுகளை, கீறிக்கொண்டிருக்கிறது. சின்ன ஸ்பீக்கரில் இந்த பேஸ் கேட்காது, பாட்டின் முதுகெலும்பே போய்விடும். ஏழு நிமிடமாகத் தணிந்து பேசிவந்த மெக்மஹன் கடைசியில் தாங்க முடியாமல் 'உன் ஞாபகமாகவே இருக்கிறது' என்ற பொருள்பட அலறுகிறார். கிட்டார்களுக்கு மேல் அப்படிக் கத்திப் பதிவு செய்ததில் அவருக்கு உடம்பே முடியாமல் போயிற்று. அந்த அலறலை வால்யூம் சரிபார்க்கும் சாக்கில் முன்கூட்டியே கேட்டுவிடக் கூடாது என்றுதான் மேலே சொன்னேன். தனிப்பாடலாக யாருக்காவது அனுப்பி அறிமுகம் செய்வதும் எனக்கு உடன்பாடில்லை. முப்பது நிமிடம் அடக்கி வாசித்ததைக் கேட்டவருக்குத்தான் அது அலறல், மற்றவருக்கு வெறும் கூச்சல்.

வரிகளைப் படித்துக்கொண்டே கேட்கலாமா என்றால், முதல் இரண்டு முறை வேண்டாம். பாதி புரிந்தும் பாதி புரியாமலும் இருக்கட்டும், மூன்றாவது முறை கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

இத்தனையும் நான்கு நாள் வேலை. 1990 ஆகஸ்டில், சிகாகோவின் ரிவர் நார்த் ஒலிப்பதிவுக் கூடத்தில், பிரையன் பால்சன் பதிவு செய்தார். அவர் பாணியே சேர்ந்து வாசிக்கச் சொல்லி அப்படியே பிடிப்பது, திரும்பத் திரும்ப எடுப்பதில்லை. இருபதை ஒட்டிய வயதுக்காரர்கள் கோடை முழுவதும் ஒத்திகை பார்த்துவிட்டு உள்ளே போனார்கள், அப்போதும் பாடல் வரிகள் முடிவாகியிருக்கவில்லை. டச் அண்ட் கோ நிறுவனம் ஆல்பத்தை வெளியிடுவதற்கு முன்பே குழு கலைந்துவிட்டது. ஊர் ஊராகப் போய் வாசித்துக் காட்ட ஆளில்லை, அதனால்தான் அப்போது அது காதும் காதும் வைத்தாற்போல் போய்விட்டது. இவர்களின் முதல் ஆல்பத்தைப் பதிவு செய்த ஸ்டீவ் அல்பினி, லண்டனின் 'மெலடி மேக்கர்' இதழில் இதற்குப் பத்து நட்சத்திரம் கொடுத்தார். உறையில் உள்ள கறுப்பு வெள்ளைப் படம், இண்டியானா மாநிலத்தின் யூடிகாவில் கல் வெட்டிய பள்ளத்துத் தண்ணீரில் நால்வரும் தலை மட்டும் தெரிய மிதப்பது. எடுத்தவர் அவர்கள் நண்பர் வில் ஓல்டம், பின்னாளில் அவரே பெயர்பெற்ற பாடகரானார். 2014-இல் பாப் வெஸ்டன் மறுபடி மெருகேற்றிய பதிப்பு வந்தது. புதிதாக வாங்குபவர்கள் அதையே தேடலாம்.

இதைக் கேட்டுப் பிடித்துப்போனவர்கள், அதே லூயிவில் நகரத்து ரோடன் குழுவின் 1994 ஆல்பமான 'ரஸ்டி'க்கும், மெக்மஹன் பிறகு தொடங்கிய 'தி ஃபார் கார்னேஷன்' குழுவுக்கும் போகலாம். வால்ஃபோர்டின் கையை இன்னும் கேட்க வேண்டுமென்றால் பிரீடர்ஸ் குழுவின் 1990 ஆல்பம் 'பாட்'. உறையில் அவர் பெயர் இருக்காது, வேறு பெயரில் வாசித்திருக்கிறார்.

ஆசிரியரிடம் என் வேண்டுகோள் இதுதான். சமையல் குறிப்பில் உப்பு எவ்வளவு, அடுப்பு எவ்வளவு நேரம் என்று அளவு சொல்கிறீர்கள் அல்லவா? ஆல்பத்தை அறிமுகம் செய்யும்போதும் பாடல் வரிசை, ஒவ்வொன்றின் நீளம், இசைத்தட்டில் எங்கே பக்கம் திரும்புகிறது, எப்படிப்பட்ட கருவியில் என்ன இழப்போம் என்பதை ஒரு பெட்டிச் செய்தியாகச் சேர்த்துப் போடுங்கள். முதல் அறிமுகம் 'ஸ்பைடர்லேண்ட்'-ஆக இருந்தால், மேலே உள்ள விவரங்களை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
இசை வாசகர் ஒருவர்,
கோவை.