அப்பாவை ஸ்டூலில் ஏற விடாதே

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

கடிதம் கிடைத்தது. இங்கே அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை, மழை விட்டதும் கோயிலுக்கு நடக்க ஆரம்பித்துவிட்டார். சின்னவள் பத்தாம் வகுப்பு, அதனால் டிவிக்கு ஓய்வு.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன், படித்ததிலிருந்து மனசு அங்கேதான் கிடக்கிறது. ஊர் வீட்டில் நெட்டுக்கு ரவுட்டராக வைத்திருக்கும் ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கணினி வாரத்துக்கு இரண்டு தடவை நின்றுபோகிறது, ஒவ்வொரு தடவையும் அப்பா ஸ்டூல் போட்டுப் பரணில் எட்டி பிளக்கைப் பிடுங்கிச் சொருகுகிறார் என்று எழுதியிருக்கிறாயே, எழுபத்து மூன்று வயதில்!

எனக்கும் இதே தொல்லை இருந்தது. என்னிடம் இருக்கும் பை 4 மாடலில் ஈதர்நெட் (நெட் கேபிள்) போர்ட் ஒன்றுதான், அது ஃபைபர் மோடத்துக்குப் போய்விட்டது, வீட்டுக்குள் நெட் கொடுக்க யுஎஸ்பியில் செருகும் ஈதர்நெட் அடாப்டர். நாள் முழுக்க நன்றாக ஓடும், காலையில் எழுந்து பார்த்தால் நெட் செத்திருக்கும். அடாப்டரின் பச்சை விளக்கு மட்டும் எரிந்துகொண்டே இருக்கும், அதைப் பார்த்தால் எல்லாம் சரியாக இருப்பதாகவே தோன்றும். கெர்னல் லாக்கில் (சிஸ்டத்தின் மையப் பகுதி எழுதிவைக்கும் பதிவில்) டிரான்ஸ்மிட் க்யூ டைம்அவுட், அதாவது அனுப்ப வேண்டிய தகவல் வெளியே போகாமல் தேங்கிவிட்டது என்று ஒரு வரி, கூடவே -71 பிழை திரும்பத் திரும்ப. -71 வந்தால் யுஎஸ்பி இணைப்பிலேயே தகவல் சிதைகிறது என்று பொருள். நான் அதைக் கவனிக்காமல் டிரைவர்தான் கோளாறு என்று முடிவுகட்டி, கெர்னலை மாற்றி, யுஎஸ்பி சாதனத்தைத் தூங்கவைக்கும் ஆட்டோசஸ்பெண்டை -1 போட்டு அணைத்து, வேலையை அடாப்டரிடம் தள்ளிவிடும் ஆஃப்லோடை நிறுத்தி, மூன்று வாரம் போனது.

ஒருநாள் லாக்கில் இருந்த நேரங்களை மட்டும் தாளில் எழுதினேன். 2:03, 2:04, 2:03. இரவு இரண்டுக்கு பேக்கப் தொடங்கும், அப்போதுதான் பையின் யுஎஸ்பியில் மாட்டியிருந்த, தூங்கிக்கொண்டிருந்த ஹார்ட் டிஸ்க் சுழல ஆரம்பித்து மின்சாரத்தை அதிகம் இழுக்கும். பை 4-இன் நான்கு யுஎஸ்பி போர்ட்டுக்கும் சேர்த்தே 1.2 ஆம்பியர்தான். போர்டிடம் த்ராட்டில்ட் நிலையை (மின்சாரக் குறைவால் வேகத்தைக் குறைத்ததா என்று காட்டும் குறியீட்டை) கேட்டால் ஹெக்ஸில் 50000 என்றது, அதாவது பூட் ஆனபின் எப்போதோ வோல்டேஜ் இறங்கியிருக்கிறது, அதனால் வேகமும் குறைக்கப்பட்டிருக்கிறது. போர்டில் நீட்டிக்கொண்டிருக்கும் ஜிபிஐஓ பின் வரிசையில் 2 (5 வோல்ட்), 6 (கிரவுண்ட்) ஆகிய பின்களில் மல்டிமீட்டரை வைத்துக்கொண்டு (முனை நழுவிப் பக்கத்துப் பின்னைத் தொட்டால் போர்டு போய்விடும், ஜாக்கிரதை) பேக்கப்பை ஓட்டினேன். 4.9 வோல்ட்டில் நின்றிருந்தது, டிஸ்க் முனகத் தொடங்கியதும் 4.56-க்கு விழுந்து ஏறியது. 4.63-க்குக் கீழே போனாலே போர்டு எச்சரிக்கும்.

பழைய போன் சார்ஜரும் அதன் மெல்லிய கேபிளும்தான் காரணம். கேபிளில் 0.2 ஓம் இருந்தால் போதும், 2 ஆம்பியர் இழுக்கும்போது 0.4 வோல்ட் வழியிலேயே தொலைந்துவிடும். பை 4-க்கு என்றே விற்கும் சார்ஜர் 5.1 வோல்ட், 3 ஆம்பியர் தருகிறது. அதை வாங்கினேன், டிஸ்க்கைத் தனி மின்சாரம் உள்ள ஹப்புக்கு மாற்றினேன். நான்கு மாதமாக ஒருமுறைகூட நிற்கவில்லை.

உனக்கும் இதுதான் என்று அடித்துச் சொல்ல மாட்டேன், ஆனால் கேமராவுக்கென்று நீயும் அதில் ஒரு டிஸ்க் மாட்டியிருக்கிறாய். முதலில் ஜர்னல் லாக்கை, அதாவது சிஸ்டம் எழுதும் பதிவுகளை, மெமரி கார்டில் நிரந்தரமாகச் சேமிக்கும்படி மாற்று, இல்லாவிட்டால் அப்பா பிளக்கைப் பிடுங்கும் ஒவ்வொரு தடவையும் தடயம் அழிந்துவிடும். போர்டின் வைஃபையையும் அணைக்காமல் வை, அடாப்டர் நின்றாலும் அந்த வழியாக உள்ளே போய் அடாப்டரை மட்டும் அன்பைண்ட் செய்து மறுபடி பைண்ட் செய்து (கழற்றி மாட்டுவதுபோல, ஆனால் கட்டளையாலேயே) பார்க்கலாம், பெரும்பாலும் எழுந்துவிடும். ஹப் வாங்கினால் போர்டுக்குள் திருப்பி மின்சாரம் தள்ளாத ஹப்பாகப் பார்த்து வாங்கு.

பொங்கலுக்கு ஊருக்கு வருகிறேன், சார்ஜரும் மல்டிமீட்டரும் கொண்டுவருகிறேன். அதுவரை பக்கத்து வீட்டுப் பையனை ஏறச் சொல்.

அன்புடன்,
உன் நண்பன்