கண்ணாடிக்கு முன்னால்

ஆசிரியருக்கு,

ஆத்திகம் என்றால் சிலை வணக்கம்தான் என்று வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். அவர் ஒருமுறை கன்னியாகுமரி மாவட்டத்துச் சுவாமித்தோப்புக்கு வரட்டும். அங்கே அய்யா வைகுண்டரைப் பின்பற்றும் அய்யாவழியில் சிலை கிடையாது. பதி எனப்படும் கோயிலின் கருவறையான பள்ளியறையில் கண்ணாடி, முன்னே விளக்கு. ஆண்கள் தலைப்பாகை கட்டிப் போய் நிற்பார்கள். தெரிவது அவரவர் முகம். எட்டு வயதில் "சாமி எங்கே?" என்று கேட்டேன், பாட்டி கண்ணாடியைத்தான் காட்டினாள்.

சுசீந்திரம் கோயிலிலோ சிவன், திருமால், அயன் (பிரம்மா) மூவரும் ஒரே தாணுமாலயன். சூஃபி ஞானி தக்கலை பீர் முகம்மது அப்பா உருவமற்ற ஒருவனைத் தமிழிலேயே பாடினார். இன்னொரு வேடிக்கை, படைத்த கடவுளைத் தேடாத சாங்கியம் என்ற பழைய இந்தியத் தத்துவத்தையும் அன்றைய அறிஞர்கள் ஆத்திகத்தில்தான் சேர்த்தார்கள். வேதத்தை ஏற்பதே அந்தப் பகுப்பில் அளவுகோல்.

அப்புறம், என் வீட்டுக்காரர் எந்தச் சாமியையும் கும்பிட மாட்டார். ஆனால் பதிக்கு வந்தால் அந்தக் கண்ணாடி முன் மட்டும் கொஞ்ச நேரம் நிற்பார். அவரை எதில் சேர்ப்பது?

ஓய்வுபெற்ற ஆசிரியை,
நாகர்கோவில்