மைக் பார்த்த தம்பிக்கும், வந்திருந்த எல்லோருக்கும்

அன்புள்ள நண்பர்களே,

நாவல் வாசிப்புக் கூட்டம் நல்லபடியாக முடிந்தது. அப்பா போன பிறகு இதை வைக்கலாமா, தள்ளிப்போடலாமா என்று நாம் பேசியதெல்லாம் உங்களுக்குத் தெரியும். அதைத் திரும்ப எழுதத் தெம்பில்லை. ஒரு தகப்பனைப் பற்றிய கதையை, அவர் இல்லாத வீட்டிலிருந்து கிளம்பி வந்து வாசித்தேன் என்றால் அது நீங்கள் கொடுத்த தைரியம்தான்.

ஒருவரைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மைக் செட் பார்த்துக்கொண்ட தம்பி. "பேரெல்லாம் போடாதீங்கண்ணா" என்று கேட்டுக்கொண்டதால் போடவில்லை.

அப்பா ராத்திரி உட்கார்ந்து மகனின் பள்ளி ஷூவுக்கு பாலிஷ் போடும் அத்தியாயத்தை எடுத்திருந்தேன். எழுத்தைப் பெரிதாக்கி அச்செடுத்து, 'என்றார்', 'என்றான்' எல்லாவற்றையும் அடித்துவிட்டிருந்தேன். வாய்விட்டு வாசிக்கும்போது யார் பேசுகிறார் என்பதைக் குரலே சொல்லிவிடும். முதல் சில பக்கங்கள் சரியாகத்தான் போயின. ஷூ நுனியை விரலால் அமுக்கிப் பார்த்து, "கட்டைவிரல் இடிக்குதா?" என்று அப்பா கேட்கும் இடம் வந்தது. அது நான் கற்பனை செய்த வரி இல்லை. தொண்டை அடைத்துக்கொண்டது.

மைக் வாய்க்கு அருகில் இருந்தால் மூச்சு விடுவது, எச்சில் விழுங்குவது, காகிதம் உரசுவது எல்லாம் பெரிதாகக் கேட்கும். என்னுடைய முதல் விசும்பல் அரங்கத்தின் கடைசிச் சுவர் வரை போனது. அடுத்தது போகவில்லை.

நிமிர்ந்து பார்த்தேன். தம்பி ஒலியை இறக்கிவிட்டு, கீழே குனிந்து ஏதோ ஒரு வயரைப் பிடுங்கிச் செருகிக்கொண்டிருந்தார். வயர் கோளாறு போல என்று பாதிப் பேர் அவர் பக்கம் திரும்பிவிட்டார்கள். முகத்தைத் துடைத்துக்கொள்ளவும் தண்ணீர் குடிக்கவும் எனக்கு நேரம் கிடைத்தது. அப்புறம் மைக்கைச் சரிபார்ப்பது போல மேடைக்கு வந்து, "ரெடின்னா தலையை ஆட்டுங்கண்ணா, அவசரமே இல்ல" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனார். தலையை ஆட்டினேன். ஒலி வந்தது. அத்தியாயத்தை முடித்தேன்.

நாவலில் வரும் அப்பாவும் அப்படித்தான். பிள்ளை அழுதால் ஏன் என்று கேட்க மாட்டார். பக்கத்தில் உட்கார்ந்து எதையாவது துடைத்துக்கொண்டிருப்பார். அது பாசமா, பேசத் தெரியாமையா என்று எழுதும்போது எனக்கே பிடிபடவில்லை. அன்றைக்கு மேடையில் நின்றபோது பிடிபட்டது. என்னைவிட எவ்வளவோ இளையவர், ஒரு பெரிய மனுஷன் செய்வதைச் செய்துவிட்டுப் போனார்.

அரங்கம் கொடுத்தவர்கள், புத்தகக் கட்டுகளைத் தோளில் சுமந்து வந்தவர்கள், கையெழுத்துப்படியை முதலில் படித்து அங்கங்கே குறுக்கச் சொன்னவர்கள், என் பதிப்பாளர், வீட்டில் அம்மாவுக்குத் துணையிருந்தவர்கள், எல்லோருக்கும் நன்றி. கேள்வி நேரத்தில், பொன்முடியார் பாடிய புறநானூற்றின் 312ஆம் பாட்டை நினைவுபடுத்திய அக்காவுக்கும். "பொன்முடியார் தந்தைக்குச் சொன்னது ஒரே ஒரு கடன், பிள்ளையைச் சான்றோன் ஆக்குவது. உங்கள் அப்பா அதோடு நிற்கவில்லையே?" என்று கேட்டீர்கள். அன்றைக்கு ஏதோ சொல்லிச் சமாளித்தேன். அந்தப் பாட்டில் பேசுவது ஒரு தாய். தகப்பன் வாயால் பாடியிருந்தால் ஷூ நுனியை அமுக்கிப் பார்ப்பது மாதிரியான சில்லறை வேலைகளும் அதில் சேர்ந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது.

இனி யார் கூட்டத்துக்குப் போனாலும், மேடையில் ஒருவர் தடுமாறினால் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்க மாட்டேன். முடிந்தால் எழுந்து போய் ஏதாவது ஒரு வயரைச் சரிசெய்வேன்.

கையெழுத்து வாங்காமல் கிளம்பியவர்கள் சொல்லியனுப்புங்கள். நானே வந்து போட்டுத் தருகிறேன்.

அன்புடன்,
உங்கள் எழுத்தாளன்