கதவோரத்து வேலை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய அந்த ஏர் ஹோஸ்டஸ் பயிற்சி அகாடமி நோட்டீஸைக் கண்ணாடி போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தேன். போனில் சொன்னால் "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் காசு விஷயம். அந்த அகாடமிக்கு ஒரு பைசா கட்டாதே. பைலட்டுக்கு இருப்பதுபோல் ஏர் ஹோஸ்டஸுக்கு நம் நாட்டில் லைசென்ஸ் எதுவும் கிடையாது. விமானத் துறையைக் கண்காணிக்கிற அரசு அமைப்பான டிஜிசிஏ ஒப்புக்கொண்ட பயிற்சியை, வேலைக்கு எடுக்கிற ஏர்லைன்ஸ்தான் கொடுக்கும். வெளியில் வாங்கிய டிப்ளமோவை நீட்டினாலும் அந்தப் பயிற்சியை அ-னாவிலிருந்து செய்துதான் ஆகவேண்டும். "வேலை உறுதி" என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறான். வேலை கொடுப்பது அவன் இல்லையே, அவன் எப்படி உறுதி சொல்வான்? ஆள் எடுக்கும்போது ஏர்லைன்ஸ்காரர்கள் தங்கள் வெப்சைட்டிலேயே போடுகிறார்கள், பெரிய ஊர்களில் வாக்-இன், அதாவது நேரே போய்க் கலந்துகொள்கிற இன்டர்வியூ, நடத்துகிறார்கள். எங்கள் பெயரைச் சொல்லி யாராவது பணம் கேட்டால் நம்பாதீர்கள் என்றும் அவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். இங்கிலீஷ் பேசவும், முன்பின் தெரியாதவரிடம் சிரித்த முகமாக நிற்கவும் அகாடமி கற்றுத்தரும் என்கிறாய். ஹோட்டல் ரிசப்ஷனில் தினமும் அதைச் செய்துதானே சம்பளம் வாங்குகிறாய்?

தகுதி என்று பார்த்தால் பிளஸ் டூ போதும், பாஸ்போர்ட் வேண்டும். புதிதாக எடுப்பவர்களுக்கு வயது பெரும்பாலும் 18 முதல் 27 வரை, பெண்களுக்கு உயரம் 155 செ.மீ. பக்கம். யூனிஃபார்முக்கு வெளியே தெரிகிற மாதிரி பச்சை குத்தியிருக்கக் கூடாது. உன் மணிக்கட்டில் இருப்பது அம்மாவுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். அதற்கு ஒரு வழி பார்த்துக்கொள். எமிரேட்ஸ் மாதிரி இடத்துக்குப் போவதென்றால் 21 வயது ஆகியிருக்க வேண்டும், உயரம் 160 செ.மீ., குதிகாலைத் தூக்கி நின்று கையை நீட்டினால் 212 செ.மீ. எட்ட வேண்டும். இதை அழகுக் கணக்கு என்று நினைக்காதே. அவசரத்துக்கு வேண்டிய சாமான்களில் பல தலைக்கு மேல் இருக்கிற பெட்டிகளில்தான் இருக்கும். ஸ்டூல் தேட நேரம் இருக்காது.

இனி நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். மீனம்பாக்கத்தில் கேட்டரிங் ஹை-லிஃப்ட், அதாவது ப்ளேனுக்குச் சாப்பாடு ஏற்றுகிற தூக்கு வண்டி, ஓட்டிய காலமெல்லாம், ப்ளேனைப் பின்பக்கக் கதவு வழியாகப் பார்த்தவன் நான். வெளிநாட்டு ஃப்ளைட் முக்கால்வாசி நடுராத்திரிதான். வண்டியைக் கதவு மட்டத்துக்கு உயர்த்தி நிறுத்திவிட்டுக் காத்திருப்போம். அந்தச் சின்னக் கண்ணாடிக்கு அப்பால் ஒரு பெண் நின்று, கதவு ஆர்ம் ஆகியிருக்கிறதா, அதாவது திறந்தால் அவசரச் சறுக்கு தானாகப் பாய்கிற நிலையில் இருக்கிறதா, அல்லது அந்த நிலையை எடுத்தாயிற்றா என்று பார்ப்பாள். பிறகு கட்டைவிரலைக் காட்டுவாள். அதற்கப்புறம்தான் கதவு திறக்கும். ஆர்ம் செய்த கதவை மறதியாக உள்ளிருந்து திறந்துவிட்டால், பயணிகள் அவசரத்தில் இறங்குவதற்காக மடித்து வைத்திருக்கிற சறுக்கு சில நொடியில் வெடிக்கிற வேகத்தில் ஊதி வெளியே பாயும். எதிரே லிஃப்ட் மேடையில் நிற்கிறவன் கதி என்ன? அதனால் ட்ரே நீட்டுகிற பெண்ணாக நான் அவர்களை ஒருநாளும் நினைத்ததில்லை. என் உயிர் அந்தக் கட்டைவிரலில் இருந்தது.

ஏர்லைன்ஸ் சம்பளம் கொடுப்பது இந்த வேலைக்குத்தான். காபி, சாண்ட்விச் எல்லாம் மிச்ச நேரத்துக்கு. ஐம்பது சீட்டுக்கு ஒரு க்ரூ, அதாவது ஒரு கேபின் பணியாளர், என்பது விதி. 180 சீட்டு ஏர்பஸ்ஸில் நாலு பேர் இருப்பது சாப்பாடு போடுவதற்காக என்று பலர் நினைக்கிறார்கள். பாதிக் கதவுகள் அடைபட்டிருந்தாலும் 90 நொடியில் எல்லோரும் வெளியேற முடியும் என்று நிரூபித்தால்தான் பெரிய பயணிகள் விமானத்துக்கு அனுமதியே கிடைக்கும். அந்த 90 நொடிக்குத்தான் உன்னைத் தயார் செய்வார்கள். புகை மண்டிய அறைக்குள் முகமூடி மாட்டி நுழையச் சொல்வார்கள், தீயை அணைக்கச் சொல்வார்கள், லைஃப் ஜாக்கெட்டோடு நீச்சல் குளத்தில் இறக்குவார்கள், மூச்சு நின்றவருக்கு நெஞ்சை அழுத்தச் சொல்லித் தருவார்கள், ஓடும் விமானத்தில் பிரசவம் வந்தால் என்ன செய்வது என்பது உட்பட. தொண்டை கிழியக் கத்தவும் பழக்குவார்கள். நீ மெதுவாகப் பேசுகிறவள், இதை மட்டும் இப்போதே மொட்டை மாடியில் பழகு. நீச்சலும் கற்றுக்கொள். அகாடமிக்கு வைத்திருந்த காசில் ஒரு துளி போதும்.

டேக்-ஆஃப் சமயத்தில் க்ரூ தங்களுக்கான மடக்கு சீட்டில் (ஜம்ப் சீட்) கையைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருப்பாய். அது ஓய்வு இல்லை. என் கதவு எது, இப்போது ஏதாவது ஆனால் முதலில் என்ன கத்த வேண்டும், யார் எனக்கு உதவுவார் என்று மனசுக்குள் ஓட்டிப் பார்க்கிறார்கள். 2024 ஜனவரி 2-ஆம் தேதி டோக்கியோ ஹனேடாவில் ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானம் இறங்கும்போது ஓடுபாதையில் நின்ற கடலோரக் காவல்படை விமானத்தில் மோதித் தீப்பிடித்ததே, நினைவிருக்கிறதா? உள்ளே 379 பேர். அறிவிப்பு மைக் வேலை செய்யவில்லை, எட்டுக் கதவில் மூன்றுதான் உபயோகப்பட்டது. க்ரூ மெகாஃபோனிலும் வெறும் தொண்டையிலும் கத்தி, எந்தக் கதவைத் திறக்கலாம், எதைத் திறக்கக் கூடாது என்று பார்த்து முடிவு செய்தார்கள். 379 பேரும் உயிரோடு இறங்கினார்கள். சின்ன விமானத்தில் இருந்தவர்களில் ஐந்து பேர் போய்விட்டார்கள், பாவம். அந்த வீடியோவைப் பார், மேக்கப் வீடியோக்களை அப்புறம் பார்க்கலாம்.

உடம்பைப் பற்றி. பறக்கும்போது கேபினுக்குள் இருக்கிற காற்றழுத்தம் ஏறக்குறைய கொடைக்கானல் உயரத்தில் இருப்பது போலத்தான், ஆனால் அந்த ஈரப்பதம் கிடையாது. தோலும் மூக்கும் வறண்டுபோகும். ராத்திரி ரெண்டு மணிக்குப் புறப்பட்டு விடிகாலை வேறு ஊரில் இறங்கி, மறுபடி ஏறுவாய். ட்யூட்டிப் பட்டியல் (ரோஸ்டர்) வந்தபிறகுதான் தீபாவளி உனக்கு உண்டா இல்லையா என்று தெரியும். கூப்பிட்டால் உடனே போக வேண்டிய ஸ்டாண்ட்பை நாளில் பெட்டியைக் கட்டி வைத்துக்கொண்டு போனைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். ட்யூட்டிக்கு முன்னால், குடித்திருக்கிறாயா என்று பார்க்க ஊதச் சொல்வார்கள். ஆல்கஹால் கலந்த மவுத்வாஷ்கூட 2023-லிருந்து கூடாது என்று டிஜிசிஏ விதி. உன் பாட்டி கொடுக்கிற அரிஷ்டத்தையும் தொடாதே.

சம்பளம் கேட்டால் ஒரு மொத்தத் தொகை சொல்வார்கள். அதில் நிலையானது எவ்வளவு, பறக்கிற மணிக்கு எவ்வளவு என்று பிரித்துக் கேள். கதவு மூடுவதற்கு முன் ஆட்களை ஏற்றி உட்கார வைக்கிற நேரத்துக்குப் பல நாடுகளில் கூலியே கிடையாது. 2025 ஆகஸ்டில் ஏர் கனடா க்ரூ வேலைநிறுத்தம் செய்ததே முக்கியமாக இதற்காகத்தான். இத்தனை காலம் வேலையை விடமாட்டேன் என்று பாண்ட் எழுதச் சொன்னால் கையெழுத்துப் போடுமுன் எனக்கு அனுப்பு.

கல்யாணம் ஆனால் வேலை போய்விடுமாமே என்று உன் அத்தை கேட்டாள். அந்தக் காலத்தில் ஏர் இந்தியாவில் 35 வயதில் வீட்டுக்கு அனுப்புவார்கள், சேர்ந்து நாலு வருஷத்துக்குள் கல்யாணம் செய்தாலும் அனுப்புவார்கள், முதல் பிள்ளை உண்டானாலும் அனுப்புவார்கள். நர்கேஷ் மீர்சா என்கிற ஏர் ஹோஸ்டஸ் சுப்ரீம் கோர்ட் வரை போனார். 1981-ல் அந்தப் பிள்ளை விதியைக் கோர்ட் தூக்கியெறிந்தது, கல்யாண விதியை மட்டும் விட்டுவைத்தது. எனக்கு அந்தத் தீர்ப்பில் பாதி மனக்குறைதான். இன்றைக்கு மகப்பேறுக்குச் சம்பளத்தோடு 26 வாரம் லீவ் சட்டமே இருக்கிறது. அத்தைக்கு இதை நான் சொல்லிவிட்டேன், அவள் நம்பவில்லை.

வாக்-இன் போகும்போது குரூப் டிஸ்கஷனில் அதிகம் பேசுகிறவளாக இருக்காதே, அடுத்தவள் பேசும்போது கேட்கிறாயா என்றும் பார்ப்பார்கள். ஒரு அறிவிப்பை வாசிக்கச் சொன்னால் வேகமாக ஓட்டாதே.

பாஸ்போர்ட்டில் இன்னும் பழைய வாடகை வீட்டு விலாசம்தான் இருக்கிறது, உடனே மாற்று. விமான நிலைய பாஸ் எடுக்க போலீஸ் சரிபார்ப்பு வரும், அப்போது விலாசம் ஒத்துப்போகவில்லை என்று அலையக் கூடாது. உன் பிளஸ் டூ மார்க் ஷீட் இங்கே பீரோவில் இருக்கிறது, கூரியரில் அனுப்புகிறேன்.

அம்மாவிடம் நான் பக்குவமாகச் சொல்கிறேன். நீ முந்திக்கொண்டு உளறிவிடாதே. ஞாயிற்றுக்கிழமை காலையில் கூப்பிடு, அவள் கோயிலுக்குப் போயிருப்பாள்.

இப்படிக்கு,
அப்பா