நால்வருக்கும் தனித்தனி மைக் எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஸ்ட்ரிங் குவார்டெட் (இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ சேர்ந்த நால்வர் குழு) ஒலிப்பதிவு பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை, நான்கு வாத்தியங்களுக்கும் அருகில் தனித்தனி மைக் வைத்து, பிறகு மிக்ஸிங்கில் அளவைச் சரிசெய்வதே தெளிவான வழி என்கிறது. திரைப்பாடலுக்கு அது சரி. குவார்டெட்டில் யார் முன்னே வருவது, யார் அடங்குவது என்பதை அந்த நால்வரும் வில்லாலேயே முடிவு செய்துவிடுகிறார்கள். அதை மிக்ஸரில் ஒலியளவை ஏற்றி இறக்கும் ஃபேடரில் இன்னொருவர் மறுபடி முடிவு செய்தால், அவர்கள் வாசித்தது நம் காதுக்கு வராது.

பீத்தோவன் 1826-இல் எழுதி முடித்த குவார்டெட்டான ஓபஸ் 131-ஐப் பார்ப்போம். ஏழு பகுதிகள், நடுவே நிறுத்தமே இல்லை, ஏறக்குறைய 40 நிமிடம். தொடக்கம் மெதுவான ஃபியூக், அதாவது ஒரே கருவைக் குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துப் பின்னும் வடிவம். முதல் வயலின் தனியாக, மென்மையாக ஆரம்பிக்கும். நான்காவது ஸ்வரத்தில் ஓர் அழுத்தம். அதே கருவை இரண்டாம் வயலின், வியோலா, செல்லோ என்று வரிசையாக எடுத்துக்கொள்வார்கள். அந்த அழுத்தம் மென்மையான ஒலியளவுக்குள் வரவேண்டியது. முதல் வயலின் அதைக் குத்தலாக வாசித்தால் மற்ற மூவரும் அதே குத்தலைத் திருப்பிச் சொல்லவேண்டி வரும். ஒலி ஏறிக்கொண்டே போய், உச்சத்தைத் தொடாமல் சட்டென்று மென்மைக்கு இறங்கும் இடங்கள் இதில் ஏராளம். ஒலியின் ஏற்ற இறக்கத்தைச் சுருக்கும் கம்ப்ரெஸர் போட்டால் முதலில் சாவது அந்த இறக்கம்தான்.

நடைமுறைக்கு வருகிறேன். நால்வரும் உட்காரும் அரைவட்டத்துக்கு முன்னால் சுமார் 2 மீட்டர் தள்ளி, இரண்டரை மீட்டர் உயரத்தில், 40 முதல் 60 சென்டிமீட்டர் இடைவெளி விட்டு எல்லாத் திசையிலிருந்தும் ஒலியை வாங்கும் இரண்டு ஓம்னி மைக் போதும். பிறகு 20 சென்டிமீட்டராக நகர்த்திக் கேட்கவேண்டும். வயலினின் உயர் அலைகள் மேல்பலகையிலிருந்து மேல்நோக்கிப் போகின்றன. அதனால் மைக் தலைக்கு மேல் நெருங்கினால் வில் உரசும் சத்தமே முன்னால் நிற்கும். மிகத் தள்ளிப்போனால் செல்லோ குழம்பும். ஒரு வாத்தியத்துக்கு அருகே துணை மைக் வைத்தே தீரவேண்டும் என்றால் அது முதன்மை மைக்கைவிட 10 டெசிபலாவது கீழே இருக்கட்டும். இரண்டு மைக்குக்கும் உள்ள தூரத்தில் மீட்டருக்கு 3 மில்லிசெகண்ட் என்று கணக்கிட்டு அதைத் தாமதப்படுத்தவும் வேண்டும். இல்லாவிட்டால் ஒரே ஸ்வரம் இருமுறை வந்து நாதம் மெலியும். செல்லோவின் ஊன்றுகோல் உள்ளே வெற்றிடமுள்ள மேடையில் நின்றால் கீழ்ஸ்தாயி முழங்கும். தரையில் உட்காரவைப்பதே மருந்து.

ஆறாம் பகுதியின் மெட்டை வியோலா தொடங்குகிறது. வியோலா வலது ஓரத்தில் இருந்தால் அதன் முகம் மேடையின் பின்பக்கம் திரும்பியிருக்கும், மெட்டு மங்கும். உடனே துணை மைக்கை ஏற்றுவது வழக்கம். நாற்காலியைச் சற்றுத் திருப்பினாலே சரியாகிவிடும். இல்லையென்றால் செல்லோவை ஓரத்துக்கு மாற்றலாம்.

கட்டுரை தொடாத விஷயம் சுருதி. செல்லோவின் ஸி தந்தியிலிருந்து சுத்தமான பஞ்சமங்களாகவே மேலேறி வயலினின் ஈ தந்திக்குப் போனால், அந்த ஈ, ஸி-ஐ ஸட்ஜமாகக் கொண்ட இயல்பான அந்தர காந்தாரத்தைவிட 22 சென்ட் (அரைஸ்வரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) கூடிவிடும். அதனால்தான் பல குழுக்கள் பஞ்சமங்களைக் கொஞ்சம் குறுக்கிச் சுருதி சேர்க்கின்றன. பியானோ வாத்தியத்தின் காந்தாரமும் அந்த இயல்பான காந்தாரத்தைவிட 14 சென்ட் அதிகம். தம்புராவில் தானாக ஒலிக்கும் அந்தர காந்தாரத்தைக் கேட்டுப் பழகிய நம் காதுக்கு அந்த வித்தியாசம் சட்டென்று புரியும். நல்ல குவார்டெட் கூட்டுஸ்வரத்துக்குக் கூட்டுஸ்வரம் இதைச் சரிசெய்துகொண்டே போகிறது. தனித்தனி டிராக்கில் சுருதி திருத்தும் மென்பொருளை ஓட்டினால் அவ்வளவும் பியானோ சுருதிக்குத் தட்டையாகிவிடும்.

எடிட்டிங் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒவ்வொரு பகுதியையும் முதலில் இரண்டு முறையாவது முழுதாக வாசித்துப் பதியவேண்டும். பிறகு திருத்தம் வேண்டிய இடத்துக்கு நாலைந்து பார் முன்னாலிருந்தே தொடங்கவேண்டும். பிழை நேர்ந்த ஸ்வரத்திலேயே தொடங்கினால் முந்தைய கூட்டுஸ்வரத்தின் கார்வை அறையில் இருக்காது, ஒட்டு பளிச்சென்று தெரியும். விளக்குச் சூட்டில் தந்தி இறங்கும் என்பதால் ஒவ்வொரு டேக்குக்கு முன்னும் ஏ ஸ்வரத்தை அதே 440 ஹெர்ட்ஸுக்கோ 442 ஹெர்ட்ஸுக்கோ சரிபார்ப்பதும் அவசியம்.

புஷ் குவார்டெட் 1936-இல் இதே ஓபஸ் 131-ஐப் பதிந்தபோது இசைத்தட்டின் ஒரு பக்கத்துக்கு நாலு நிமிடம் சொச்சம்தான் கிடைத்தது. வெட்டி ஒட்டவும் வழியில்லை. மோனோ பதிவு, கீறல் சத்தமும் உண்டு. ஆனாலும் ஃபியூக்கில் நான்கு குரல்களும் தனித்தனியே கேட்கின்றன, வாசித்தவர்கள் ஒருவருக்கொருவர் இடம்விட்டு வாசித்ததால்.

ஸ்டீரியோ பதிவு ஒன்றைச் சோதிக்க விரும்பும் வாசகர்கள் ஐந்தாம் பகுதியான பிரெஸ்டோவைப் போட்டுக் கேட்கலாம். ஒற்றை ஒற்றை பிட்ஸிகாட்டோ (விரலால் மீட்டும்) ஸ்வரங்கள் நால்வருக்குள் கைமாறும் இடத்தில், ஒவ்வொன்றும் அவரவர் நாற்காலியிலிருந்து வருகிறதா என்று கவனியுங்கள். முடிவுக்குச் சற்று முன் நால்வரும் வில்லை, தந்திகளைத் தாங்கும் குதிரைக்கு அருகே வைத்து மிக மெல்ல வாசிப்பார்கள். அது கண்ணாடிபோல் மினுங்க வேண்டும். வெறும் இரைச்சலாகக் கேட்டால் மைக் அளவுக்கு மீறி நெருங்கியிருக்கிறது.

இப்படிக்கு,
ஒலிப்பதிவாளர் ஒருவர்,
சென்னை.